மூன்றில் இரண்டு பங்கு மச்சான்

தோணித்துறைக்கு வேலைவாய்ப்பு வந்த அன்று ஊரில் கரண்டு இல்லை. அதனால் முனைவர் கிருபாநிதி, தான் கொண்டுவந்திருந்த நாற்பத்திரண்டு படங்களையும் சுவரில் காட்ட முடியாமல் வாயாலேயே விளக்கினார். கோயில் மண்டபத்தில் கூடியிருந்த சனம் விசிறிக்கொண்டே கேட்டது. இருபதாவது படம்வரை அவர் பேச்சில் ஒரு மனிதரும் வரவில்லை. பண்பாடு வந்தது, பொருளாதாரம் வந்தது, அனுபவம் பலமுறை வந்தது.

சுருக்கம் இதுதான். சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் ‘முத்துக்கரை மரபு அனுபவம்’ என்று ஒன்றை நடத்தப்போகிறது. திருச்செந்தூர் ரோட்டில் போகிற சுற்றுலாப் பயணிகள் உள்ளே திரும்பி, வள்ளத்தில் ஏறி, அந்தக் காலத்தில் முத்துக் குளித்ததுபோலவே காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆட்கள் முங்குவதைப் பார்ப்பார்கள். பிறகு மீன் புட்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இதனால் ஊரில் இருபத்து நான்கு பேருக்கு மாதச் சம்பள வேலை.

செபாஸ்டின் எழுந்தார். முப்பது வருடமாகச் சங்கு குளிக்கிறவர். “முத்து கெடைக்குமா சார்?”

“முத்து முக்கியமில்லை, பெரியவரே. அனுபவம்தான் முக்கியம்.”

“அது எங்கள்ட்ட நெறைய இருக்கு. அறுவது வருசமா முத்து கெடைக்காத அனுபவம்.”

மண்டபம் சிரித்தது. கிருபாநிதியும் சிரித்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. தேதி கேட்டால்கூட எழுதிக்கொள்வார் என்று பின்னால் ஊரில் சொன்னார்கள்.

வேலைகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். மீன் புட்டு அவிக்கிறவர் ‘மரபு உணவுத் தூதர்’. முங்குகிறவர் ‘மரபுக் குளியாள்’. மேலே நின்று அவர் கயிற்றைப் பிடிக்கிறவர் ‘மரபுக் கயிற்றுக் காப்பாளர்’. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பயணிகள் அதிகம் வருவார்கள், ஆனால் ஞாயிறு தோணித்துறையில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்று பங்குச் சாமியார் சொன்னபோது கிருபாநிதி கலங்கவில்லை. மணலில் ஏற்றி வைத்த வள்ளங்களைச் சும்மா நின்று பார்ப்பதற்கு ‘ஓய்வுக் கடல் அனுபவம்’ என்று பெயர் வைத்து, ஞாயிறுக்கும் டிக்கெட் போட்டார்.

குழப்பம் கயிற்றில்தான் வந்தது.

பழைய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் குறிப்பில் அவர் ஒரு சங்கதியைப் படித்திருந்தார். முத்துக் குளிக்கும்போது குளியாளின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான், அதாவது பெண்டாட்டி கூடப்பிறந்தவன். கயிற்றை விட்டால் தன் தங்கச்சி தாலி போகும் என்கிற பயத்தில் அவன் விடவே மாட்டான் என்பது கணக்கு. கிருபாநிதிக்கு இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டதாம். ‘உறவுசார் உயிர்ப் பாதுகாப்புக் கட்டமைப்பு’ என்று இதற்கும் ஒரு பெயர் சூட்டி, விண்ணப்பத்தில் நான்காவது நிபந்தனையாகச் சேர்த்துவிட்டார். குளியாளும் காப்பாளரும் ஜோடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் அசல் மச்சான்களாக இருக்க வேண்டும். சான்று இணைக்க வேண்டும்.

செபாஸ்டினுக்கு அசல் மச்சான் உண்டு. ஆனால் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் பெரிய மீன் துண்டு யார் தட்டில் விழுந்தது என்பதில் தொடங்கியது. இருவரும் ஒரே விண்ணப்பத்தில் தனித்தனிப் பேனாவால், வெவ்வேறு நாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

ரெக்சனுக்கு அந்த வசதியும் இல்லை. இருபத்தொன்பது வயது. அந்தக் கரையில் அவன் அளவுக்கு மூச்சுப் பிடிக்கிற ஆள் கிடையாது. அவன் கிருபாநிதியைத் தேடிப் போனான்.

“சார், எனக்கு மச்சான் இல்ல.”

“ஏன் இல்லை?”

“கல்யாணம் ஆகல.”

“ஏன் ஆகவில்லை?”

“மாசச் சம்பளம் இல்லாதவனுக்குப் பொண்ணு தர மாட்டேங்காவ.”

“இந்த வேலையில் மாதச் சம்பளம் உண்டே, தம்பி.”

“வேலைக்கு மச்சான் வேணும்லா சார்.”

கிருபாநிதி குறிப்பேட்டைத் திறந்தார். அதில் ‘செறிவான சமூகச் சுழற்சி’ என்று எழுதி, ரெக்சனைப் பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டார். நிபந்தனை அப்படியே இருந்தது.

ரெக்சன் கட்ட நினைத்த பெண் ஏஞ்சலின். அவளுக்கும் சம்மதம்தான், இரண்டு வருடமாக. ஏரலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், இங்கிலீஷ் பேசுவாள் என்பதால் இப்போது இந்தத் திட்டத்தில் வழிகாட்டி. அப்பா இல்லாத வீட்டில் முடிவு சொல்கிற ஆள் அண்ணன் அமலன். அவன் முடிவு மாறாதது. மாசச் சம்பளம் இல்லாதவனுக்குக் கிடையாது. சம்பளம் இருந்தாலும் ரெக்சனுக்குக் கிடையாது.

பின்னதற்குக் காரணம் ஆறு வருடம் முந்தைய கோயில் திருவிழாக் கால்பந்து. கடைசி நிமிடத்தில் அமலன் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே பறந்து கடலில் விழுந்தது. மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்த ரெக்சன், “கப்பல்காரர் அமலன் அடித்த பந்து தற்சமயம் கொழும்பு நோக்கிப் பயணமாகிறது” என்றான். நான்கு ஊர் சிரித்தது. அதில் மூன்று ஊர் எப்போதோ மறந்துவிட்டது.

அமலன் கப்பல்காரன் என்பதும் கொஞ்சம் பழைய செய்தி. கடைசிக் கப்பலிலிருந்து இறங்கி மூன்று வருடம் ஆகிறது. கம்பெனி தொப்பியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. திங்கள்தோறும் தூத்துக்குடி போய் ஏஜெண்ட் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு வருவான். அடுத்த கப்பல் எப்போதும் அடுத்த மாதம் வந்துகொண்டிருந்தது.

ஏஞ்சலின் ஒரு காலையில் விண்ணப்பத்தை அண்ணனின் டீ டம்ளருக்குக் கீழே வைத்தாள். அவன் எடுத்துப் படித்தான்.

“நான் பனாமாக் கால்வாய் பாத்தவன்ளா. வள்ளத்துல நின்னு ஒருத்தன் கயித்தப் பிடிக்கவா?”

“கயிறு பிடிக்கிறவன்னு எங்கண்ணே போட்டிருக்கு? மரபுக் கயிற்றுக் காப்பாளர். குளிக்கிறவனுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். சட்டையில பேரு தச்சுத் தாராவ.”

அமலன் ஒரு வாய் டீ குடித்தான். “பேரு முன்னாலயா, முதுகுலயா?”

“நெஞ்சுல.”

இன்னொரு வாய் குடித்தான். “யாரு கயிறு?”

“ரெக்சன் கயிறு.”

டம்ளர் கீழே வந்தது. “அவனுக்கு நான் எப்படிளா மச்சான் ஆவேன்?”

அவர்கள் அம்மா ஞானசௌந்தரி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “மூணு ஓலையில ஆவ.”

கத்தோலிக்கர் கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் மூன்று வாரம் அறிவிப்பார். மூன்றும் தடையில்லாமல் முடிந்தால்தான் கல்யாணம். அமலன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து வந்தவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “அந்தச் சட்டைக்கு அளவு எடுக்க எப்ப வருவாவ?” என்று கேட்டான்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, ஒத்திகை என்று தாக்கீது வந்தது. திட்டத்துக்கு நிதி தருகிற அமைப்பிலிருந்து டெல்லி மேடம் ஒருவர் வருகிறார். அவர் பார்த்துத் தலையசைத்தால்தான் இருபத்து நான்கு பேருக்கும் வேலை உறுதி.

“கல்யாணம் முடியாம நான் எப்படி மச்சான்னு எழுதித் தரது?” என்றார் பங்குச் சாமியார். “ஞானஸ்நானத்துக்கு சர்ட்டிபிகேட் குடுத்திருக்கேன். மச்சானுக்குக் குடுத்ததில்ல.”

“உள்ளத எழுதுங்க சாமி,” என்றாள் ஏஞ்சலின்.

சாமியார் உள்ளதை எழுதினார். மூன்று ஓலையில் இரண்டு தடையின்றி வாசிக்கப்பட்டிருப்பதால், மேற்படி அமலன் மேற்படி ரெக்சனுக்கு இன்றைய தேதியில் மூன்றில் இரண்டு பங்கு மச்சான் என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். கிருபாநிதி அதைப் பயபக்தியோடு கோப்பில் சேர்த்தார். 

வெள்ளிக்கிழமை காற்று இல்லை. தூரத்தில் துறைமுகத்துக்கு வெளியே நாலைந்து கப்பல்கள் முறைக்குக் காத்து நின்றன. நாலு பாகம் ஆழத்தில், அதாவது நாலு ஆள் உயரத் தண்ணீரில், வள்ளத்தை நங்கூரம் போட்டார்கள். டெல்லி மேடம் உயிர்காப்புச் சட்டைக்குள் உட்கார்ந்து மக்ரூன் சாப்பிட்டார். அதிகம் பேசாதவர். பக்கத்தில் ஏஞ்சலின் நின்று வள்ளத்தில் பேசுவதை அவருக்கும் அவர் பேசுவதை வள்ளத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் செபாஸ்டின். முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை மச்சானிடம் நீட்டினார். மச்சானும் வேறு திசையைப் பார்த்தபடி வாங்கினார். செபாஸ்டின் முங்கினார். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தது. மேலிருந்து ஒரே சீராகக் கயிறு ஏறியது. ஒரு சொல் இல்லை, ஒரு பிசகு இல்லை.

“என்ன ஒரு ஒற்றுமை,” என்றார் மேடம்.

“பதினோரு வருசமா இவங்களுக்குள்ள ஒரு கடுஞ்சொல் வந்ததில்லை,” என்றாள் ஏஞ்சலின். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்தது ரெக்சன். அன்று காலை ஏஞ்சலின் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: குளியாள் போனால் காப்பாளர் வேலையும் போகும், ஜோடி விண்ணப்பம். இதை அமலன் நெஞ்சில் பெயருக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தான். ரெக்சன் முங்கி ஐந்து விநாடி ஆகவில்லை, இழுப்பே வராமல் இவன் இழுத்துவிட்டான்.

ரெக்சன் தலையைத் தூக்கினான். “ஏலே, மூச்சு இன்னும் கெடக்குலே.”

“கெடக்கட்டும். மேல வந்து விடு.”

மறுபடி முங்கினான். மறுபடி ஐந்து விநாடி. மூன்றாம் முறை கல் தரையைத் தொடும் முன்பே ஆள் மேலே வந்துவிட்டான். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஏஞ்சலின், “பாசம் அதிகம்” என்றாள்.

இந்த இடத்தில் கிருபாநிதி நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி நிரலில் ‘திட்ட வடிவமைப்பாளரின் முதல் முழுக்கு’ என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் அவரே. வள்ளத்தின் பின்பக்கம், அமரத்தில், கட்டியிருந்த படுதாவுக்குப் பின்னாலிருந்து அவர் நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த குளியாள் கோலத்தில் வந்தார். இடுப்பில் சிவப்புத் துணி, கழுத்தில் சங்கு மாலை, மூக்கில் கண்ணாடி. “இது வெறும் கயிறு அல்ல,” என்று தொடங்கி ஆறு நிமிடம் பேசினார். உறவின் நரம்பு, நம்பிக்கையின் நாளம் என்றெல்லாம் வந்தது. பிறகு நுனியை இடுப்பில் கட்டி மறுநுனியை நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.

மேடம் ஏதோ கேட்டார். ஏஞ்சலின் சொன்னாள்: “ஒங்க மச்சான் வந்திருக்காரான்னு கேக்காங்க சார்.”

“அவன்... சென்னையில் இருக்கிறான். தொலைபேசியில் ஆசி வாங்கிக்கொள்ளலாம்.” வள்ளத்தில் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். வாழ்க்கையில் அவர் செய்த தவறுகளில் அது ஒன்று. நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னார்.

“என் கல்யாணத்துக்கே நீங்க மாநாடுன்னு வரல, அத்தான்,” என்றது போன். “கயித்த யாரு பிடிச்சிருக்கா? விட்டுரச் சொல்லுங்க.”

வள்ளத்தில் எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். வழிகாட்டி என்ற முறையில் ஏஞ்சலின் அதையும் மேடத்துக்கு ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னாள்.

கிருபாநிதி தொண்டையைச் செருமினார். சிவப்புத் துணியோடு எவ்வளவு கம்பீரமாக நிற்க முடியுமோ அவ்வளவு நின்றார். “வாழும் மரபு என்பது நெகிழும் மரபு. ஆகவே நான்காவது நிபந்தனையை இந்த நொடியிலேயே ரத்து செய்கிறேன். இனி யார் கயிற்றையும் யாரும் பிடிக்கலாம்.”

ரெக்சன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தான். அவன் முகம் போன போக்கை ஏஞ்சலின் மட்டும் பார்த்தாள். மச்சான் நிபந்தனை இல்லையென்றால் அமலனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாவது ஓலைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அமலனுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த கயிறு தானாகத் தளர்ந்தது. ரெக்சனைக் குனிந்து பார்த்து ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

“ரெண்டு ஓலைதாம்ல ஆயிருக்கு,” என்றான் மெதுவாக.

ஏஞ்சலின் அண்ணனுக்கு அருகில் வந்து மக்ரூன் தட்டை நீட்டினாள். தட்டுக்குக் கீழே குரலைத் தாழ்த்தினாள். “கப்பல்ல நீ எங்கண்ணே வேல பாத்த?”

“இஞ்சின் ரூம். ஏன்?”

“போல்ட்டு முடுக்குன ஆளு நீ. கயிறு டெக்குல உள்ளவன் வேல. இங்கன எட்டுக் காப்பாளர்ல முடிச்சுப் போடத் தெரியாதவன் நீ ஒருத்தன்தான். மச்சானா இருக்கதுனால நிக்க. யாரு வேணும்னாலும் பிடிக்கலாம்னா, இந்தச் சட்டைய திங்கக்கெழம எவன் போட்டிருப்பான்?”

அமலன் குனிந்து நெஞ்சைப் பார்த்தான். நீல நூலில் அமலன் என்று தைத்திருந்தது. கீழே சின்னதாக ஒரு நங்கூரம்கூட இருந்தது. கயிறு மெல்ல மறுபடி இறுகியது.

அவன் எழுந்து நின்றான். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. “சார், நோ,” என்றான் கப்பல் இங்கிலீஷில். பிறகு தமிழுக்கு வந்தான். “மச்சான் இல்லாதவன் இந்தக் கடல்ல எறங்கக் கூடாது. அது ரூலு.”

“அந்த விதியை எழுதியதே நான்தான், தம்பி.”

“எழுதினது நீங்க. ஆனா எங்க பூட்டன் காலத்துல இருந்து உள்ளதுன்னு கரண்டு இல்லாத அன்னைக்கு ரெண்டு மணி நேரம் சொன்னியளே. நாங்க அத நம்பித்தான சார் பொண்ணக் குடுத்திருக்கோம்.”

வள்ளத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செபாஸ்டின் என்ன நினைத்தாரோ, பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, “நீ என்ன சொல்லுத?” என்றார்.

“அமலன் சொல்லுததுதான் சரி,” என்றார் அவர் மச்சான்.

பதினோரு வருடம் ஒரு நொடியில் முடிந்துவிட்டதை அறிந்து இருவரும் திடுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மேடம் ஏஞ்சலினிடம் விவரம் கேட்டார். பேனாவைத் திறந்து முதல்முறையாக எதையோ எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் தளர்த்த நினைத்த விதியைச் சமூகமே முன்வந்து காக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகத் தான் வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். நிபந்தனை நான்கு அப்படியே தொடரட்டும் என்றார். கிருபாநிதி ரத்தை ரத்து செய்தார். இடுப்பில் கயிறும் மூக்கில் கண்ணாடியுமாக, ஒரு துளி நனையாமல் கரைக்கு வந்து சேர்ந்தார்.

சனிக்கிழமை இருபத்து நான்கு வேலைக்கும் உத்தரவு வந்தது. 

ஞாயிறு இரண்டாம் பூசையில் மூன்றாவது ஓலை. அமலன் பெயர் தைத்த சட்டையோடு பின்வரிசையில் நின்றான். சாமியார் வாசித்துவிட்டு, “தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம்” என்று நிறுத்தினார். அந்த அமைதியில் அமலன் இருமினான்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. நாலு பாகம் ஆழத்தில் ஒரு நாளும் முட்டாத மூச்சு அப்போது முட்டியதாக ரெக்சன் பிறகு சொன்னான். ஞானசௌந்தரி முக்காட்டைச் சரிசெய்வதுபோல மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

“தொண்டை,” என்றான் அமலன்.

சாமியார் ஏட்டை மூடினார்.

அந்த வருடம் தோணித்துறையில் இன்னும் ஐந்து ஜோடிகளுக்கு ஓலை வாசிக்கப்பட்டது. இரண்டாம் கட்ட ஆளெடுப்பு வருகிறது என்று ஒரு பேச்சு இருந்தது. கிருபாநிதியின் அறிக்கையில் இவை ‘எதிர்பாராத நற்பயன்கள்’ என்ற தலைப்பில் வருகின்றன.

முதல் வேலை நாளில் மணப்பாட்டுக்குப் போகிற வழியில் இறங்கிய நாற்பது பேர் வள்ளத்தில் இருந்தார்கள். ரெக்சன் முங்கினான். ஏஞ்சலின் இங்கிலீஷில் உறவின் நரம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழிருந்து இழுப்பு வந்தது. அமலன் கயிற்றை உடனே இழுக்கவில்லை. கல்யாணம் முடிந்து இனி அவன் முழு மச்சான், வேலையும் உறுதி. சட்டையைச் சரிசெய்தான். வெளியே நின்ற கப்பல்களைப் பார்த்தான். நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஏஞ்சலின் பேச்சை நிறுத்தாமல் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் இழுத்தான்.

ரெக்சன் மூச்சு வாங்கியபடி விளிம்பைப் பிடித்தான். “ஏன் மச்சான் லேட்டு?”

“கொழும்புப் பக்கமா ஒரு பந்து போச்சு, மாப்ள,” என்றான் அமலன். “பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”